பத்தும் பத்தும் இருபது ஓம்

எங்கள் வீட்டில் கல்ஃப் பெட்டி பிரிப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. தம்பி சவுதியிலிருந்து லீவில் வந்தால் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டும் ஒன்று போல இருக்க வேண்டும். கம்பளி என்றால் ஒரே நிறத்தில் இரண்டு கம்பளி. டார்ச் என்றால் ஒரே கம்பெனியில் இரண்டு டார்ச். ஒரு தடவை எனக்குப் பச்சைப் பூப்போட்ட பிளாஸ்கும் அக்காவுக்கு நீலப் பூப்போட்ட பிளாஸ்கும் கொண்டுவந்துவிட்டான், பாவம். "அவளுக்குப் பச்சை, எனக்கு நீலமா? நான் என்னல பாவம் செஞ்சேன்?" என்று அக்கா கேட்டாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? நீலத்தில்தான் டீ ரொம்ப நேரம் கழித்தும் சூடாக இருக்கிறது என்று அடுத்த வாரமே புகார் சொன்னேன். அன்றோடு திருந்தினான். கடையில் ஒரு பொருள் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது என்றால், அது தங்கமாகவே இருந்தாலும் தொடாமல் வந்துவிடுவான்.

அந்தச் சட்டம் ஒரு நாள் ஓமின் விதியோடு கைகோக்கும் என்று நான் நினைத்ததில்லை. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துகிறவள். அக்காவுக்கு பிசிக்ஸ் என்றாலே கொட்டாவி வரும்.

அப்பா அம்மா இருந்த வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்து, தெற்குப் பாதியில் அக்கா குடும்பமும் வடக்குப் பாதியில் நாங்களும் இருக்கிறோம். தம்பிக்கு வயலும் அடுத்த தெருவில் மனையும். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி மிச்சச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் எங்கள் ஊர் வந்துவிடும். சுற்றிலும் வயல், நடுவில் சர்ச், சர்ச்சுக்குப் பின்னால் நாங்கள். அம்மாவின் பெரிய அடுக்களையையும் பாதியாக வெட்டித்தான் சுவர் வைத்தோம். "புகை போகாண்டாமா?" என்று சொல்லி அந்தச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைக்கச் சொன்னது அக்காதான். புகை போனதோ இல்லையோ, உப்பு, புளி, தேங்காய் மூடி, தெருக்கதை எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போகும், வரும்.

சுவர் வந்தும் மீட்டர் ஒன்றாகவே இருந்தது. அப்பா பேரில் இருந்த பழைய மீட்டர். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன வருடம் ஈஸ்டர் கழிந்த ஒரு காலையில் நான் ஸ்கூலுக்குப் புறப்பட்டு வெளியே வந்தால், வாசல் போஸ்டில் ஏணி சாத்தியிருக்கிறது, மேலே ஒரு ஆள் நிற்கிறார், அக்கா வீட்டுச் சுவரில் பளபளவென்று ஒரு புது மீட்டர். அக்கா வீட்டில் ஏசி மாட்டப் போகிறார்களாம், பழைய லைன் தாங்காதாம், அதனால் தனி இணைப்பாம். இத்தனை 'ஆம்'களும் எனக்கு யார் சொல்லித் தெரிந்தது என்றால், ஏணியில் நின்ற அந்த ஆள் சொல்லி.

எனக்கு வந்த கோபம்! ஜன்னலுக்குப் போய், "எக்கா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"எனக்க வீட்டுக்குக் கரண்டு இழுக்க உங்கிட்ட கையெழுத்து வாங்கணுமாட்டி?" என்றாள் அவள்.

"கையெழுத்து கேக்கல. ஒரு வார்த்த கேக்கேன்."

"அதான் இப்பம் தெரிஞ்சுட்டுல்லா? போ, பிள்ளையளுக்குப் பாடம் எடு."

அவ்வளவுதான். ஜன்னல் கதவைச் சாத்திவிட்டாள். நானும் தட்டவில்லை. நான் ஏன் தட்ட வேண்டும்? சாத்தினவள் திறக்கட்டும். இப்படி நினைத்தே ஆடி போனது, ஓணம் போனது, ஐப்பசி மழையும் போனது. ஆண்கள் இருவரும் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. என் வீட்டுக்காரரும் அத்தானும் தினமும் சாயங்காலம் ஒன்றாக நடந்துபோய் டீ குடித்துவிட்டு ஒன்றாகத் திரும்பி வருவார்கள், வாசலில் மட்டும் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். "அங்க என்ன விசேஷம்?" என்று இவரிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். இப்படி ஒரு மனிதரோடு எதைப் பேச?

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவள் குரல் வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் மிக்சி ஓடி நின்றதும் அடுக்களையில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அப்போது, "ஏட்டி, என்ன அரைக்க?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அது வராதபோது சட்னிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றே எனக்கு மறந்துபோகும்.

டிசம்பர் வந்ததும் இது இன்னும் பெரிய தொந்தரவு ஆயிற்று. கிறிஸ்மஸ் கேக்குக்கு நாங்கள் இருவரும் ஒரே பாத்திரத்தில்தான் மாவு கலக்குவோம். ஊர் முக்கில் இருக்கும் பேக்கரியின் பெரிய செங்கல் அடுப்பை நாங்கள் போர்மா என்போம். கிறிஸ்மஸ் வாரத்தில் அவர்கள் தங்கள் ரொட்டி வேலை முடிந்ததும் அந்தச் சூட்டில் ஊராரின் கேக்கைச் சுட்டுக் கொடுப்பார்கள். தட்டைத் தலையில் சுமந்துகொண்டு அக்கா முன்னால் நடப்பாள், "பைய போக்கா, சாயும்" என்று சொல்லிக்கொண்டு நான் பின்னால் போவேன். இந்தத் தடவை யார் முன்னால், யார் பின்னால்? போர்மா வரிசையில் ஊர் பார்க்க ஆளுக்கொரு தட்டோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதா? கேக்கே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் தம்பி வந்து இறங்கினான், இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு.

அவன் அங்கே ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்க்கிறான். அமெரிக்கர்கள் தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் ஒன்றை மூடினார்களாம். அங்கிருந்த சாமான்களை வேலைக்காரர்களிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மேஜைமேல் வைக்கும் எலக்ட்ரிக் அடுப்பு, கண்ணாடிக் கதவு வைத்தது, ஒன்றை இவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். "ஒண்ணுன்னா வேண்டாம், ரெண்டு இருந்தாத் தாங்க" என்று சொன்னானாம். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் தேடி, அதே மாதிரி இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் ஏற்றி, கொச்சியில் இறக்கி, வேன் பிடித்துக் கொண்டுவந்துவிட்டான்.

போனில் எங்கள் சண்டை அவனுக்குத் தெரியும். நான் கூப்பிட்டால், "அவ எப்பிடி இருக்காளாம்?" என்று கேட்பேன். அவள் கூப்பிட்டால், "அவளுக்குக் கால்வலி எப்பிடி இருக்காம்?" என்று கேட்பாளாம். இரண்டு அடுக்களைகளுக்கும் நடுவில் ஒரு செங்கல் கனம்தான். கேள்வி மட்டும் சவுதிக்குப் போய்த் திரும்பி வரும்.

மூத்தவள் என்பதால் அக்கா வீட்டில்தான் முதல் பெட்டி பிரித்தார்கள். அது சாயங்கால நேரம். அடுப்பின் பிளக்கில் தட்டையான இரண்டு கம்பிகள், நம் ஊர் ஓட்டையில் நுழையாது. அதற்கென்ன, கல்ஃப்காரன் பையில் அடாப்டர் இல்லாமலா? மாட்டினான், சொருகினான், சுவிட்சைப் போட்டான். சவுதியிலிருந்து வந்தவனுக்கு வேர்க்கக் கூடாதென்று ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் பக்கம் கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "ஆத்தாடி, என்னமா சிவக்கு பாரு!" என்று அக்கா சொன்னது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கருகல் வாடை. "ஏலே, புகையுது... ஏலே, அணைல!" பிறகு டப்பென்று ஒரு சத்தம். மீட்டர்ப் பெட்டியில் ட்ரிப்பர் விழுந்து, அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. என் பக்கம் லைட்டு ஜம்மென்று எரிந்தது. தனி மீட்டர்தானே! எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்றால் கர்த்தர் மன்னிப்பார்.

மறுநாள் காலையில் தம்பி என் அடுக்களைக்கு வந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"சின்னக்கா, அது கெட்டுப்போன சாமானம் போல. பெரியக்கா பயந்துட்டா. உனக்குள்ளதயாவது போட்டுப் பாப்பமா?"

"பிளக்கத் தொட்ட, கைய ஒடிப்பேன்" என்றேன். பிரிக்காமல் இருந்த என் பெட்டியைப் பிரித்து அடுப்பைப் புரட்டினேன். பின்பக்கத் தகட்டில் எழுதியிருந்தது: 110 வோல்ட், 11 ஆம்பியர்.

"ஏலே, நம்ம வீட்டுக்கு வாற கரண்டு எத்தன வோல்ட்டு?"

"கரண்டு கரண்டுதானக்கா. பின்னுதான் வேற. அதான் அடாப்டர் போட்டேன்லா?"

ஐயோ! பிசிக்ஸ் டீச்சரின் கூடப்பிறந்தவன்! "பின்னு மாறினா கரண்டு மாறுமால? செருப்ப மாத்தினா கால் சின்னதாவுமா?" என்று கத்தினேன். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார்.

"எங்க ரூம்ல எல்லாவனும் அப்பிடித்தான் செய்யாவ" என்றான் அவன். அதுவும் சரிதான். அடாப்டர் போட்டுப் போட்டே பழகியவர்கள். ஓட்டையில் நுழைந்துவிட்டால் வேலை செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து மேஜைமேல் போட்டு, ஸ்கெட்ச் பேனா எடுத்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை வரும். நூற்றிப்பத்தைப் பதினொன்றால் வகுத்தால் பத்து. "இந்த அடுப்புக்குள்ள இருக்க கம்பிக்குத் தடை பத்து ஓம். அமெரிக்காவுலயும் பத்துதான், இங்கயும் பத்துதான். கம்பிக்கு ஊர் தெரியாது, கேட்டியா?" வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன் வரும். நூற்றிப்பத்தைப் பதினொன்றால் பெருக்கினால் ஆயிரத்து இருநூற்றுப் பத்து வாட். "இவ்வளவு சூடுதான் இதால தாங்க முடியும். இப்பம் நம்ம ஊருக்கு வா. இருநூத்தி முப்பது வோல்ட்டு. பத்தால வகுத்தா இருபத்தி மூணு ஆம்பியர். ரெண்டயும் பெருக்கு."

அவன் போனை எடுத்துப் பெருக்கினான். "ஐயாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு."

"வோல்ட்டு ரெண்டு மடங்கானா சூடு ரெண்டு மடங்கு ஆவாது, மக்கா. கரண்டு ஓட்டமும் கூடச் சேந்து ரெண்டு மடங்கு ஆவும். அப்பம் நாலு மடங்கு. இது அதுக்கும் மேல. அடுப்பு சிவந்ததுன்னு சந்தோசப்பட்டிய, அது உயிருக்குக் கத்தியிருக்கு."

அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பேரும் ஆளுக்கொரு அடுப்புல கேக்கு சுட்டா, வாசத்துலயாவது சண்ட தீரும்னு நெனச்சேன்க்கா. கடலத் தாண்டிச் சுமந்துட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் இப்பிடி மூஞ்சியத் திருப்பிட்டு இருந்தா, நான் அங்க போயி எப்பிடி இருப்பேன்?" என்றான். அடுப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "ரெண்டையும் ஆக்கர் கடையில எடைக்குப் போட்டுரட்டா?" என்று கேட்டான்.

அவன் சொன்ன 'ரெண்டையும்' என் மண்டைக்குள் போய் ஒரு மணியை அடித்தது. இரண்டு! ஒன்று போல இரண்டு! வருடா வருடம் பலகையில் எழுதிப் போடுகிறேனே, சம தடைகள் இரண்டு தொடரிணைப்பில் இருந்தால் என்று! பிள்ளைகள் கொட்டாவி விடும் அதே கணக்கு!

"ஓடு, அவளுக்க அடுப்பத் தூக்கிட்டு வா" என்றேன்.

ஸ்கூல் லேபில் வைத்திருப்பது போல என்னிடமும் ஒரு மல்டிமீட்டர் உண்டு. இரண்டு அடுப்புகளின் தடையையும் அளந்தேன். என்னுடையது பத்து. அவளுடையது பத்தும் ஒரு பொட்டும். நேற்று அந்தப் பாடு பட்டும் கம்பி சாகவில்லை. கெட்டிக்காரக் கம்பி.

"இங்க பாரு. ரெண்டயும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாக் கோத்தா, பத்தும் பத்தும் இருபது ஓம். இருநூத்தி முப்பத இருபதால வகுத்தா பதினொன்னர ஆம்பியர். தகட்டுல போட்டிருக்கது பதினொண்ணு, சரியாப்போச்சா? வோல்ட்ட ரெண்டும் பாதிப் பாதியாப் பங்கு வச்சுக்கிடும். ஆளுக்கு நூத்திப் பதினஞ்சு. சண்ட இல்ல, வழக்கு இல்ல."

"சீரியல் செட்டு போலயா?" என்றான். சர்ச் கோபுரத்திற்கு வருடா வருடம் லைட் கட்டியவன் அல்லவா, பிடித்துக்கொண்டான். "அதுல ஒரு பல்பு போனா எல்லாம் அணையும்லா?"

"அணையும்."

"அப்பம் நீ உனக்க அடுப்ப அணைச்சா, பெரியக்காவுக்கும் அணைஞ்சிரும்."

"அணையும்."

"அவ போடலன்னா உனக்கும் எரியாது."

"எரியாது. அதுக்கு இப்பம் என்ன?"

அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "சிரிக்காதல, சவமே" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சம்மதிக்க வேண்டுமே? மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அந்த ஜன்னல் இனி எந்தக் காலத்திலும் திறக்காது.

தம்பி தூது போனான். நான் ஜன்னல் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், வெட்கமில்லாமல். ஓமும் வாட்டும் அவன் வாயில் படாத பாடு பட்டன. கடைசியில் அக்கா, "அவ கணக்குப் போட்டாளா?" என்று கேட்டாள். "போட்டா" என்றான். "அப்பம் சரியாத்தான் இருக்கும். செய்யச் சொல்லு. ஆனா நான் அவகிட்டப் பேச மாட்டேன், சொல்லிட்டேன்."

"நானும் பேச மாட்டேன்னு சொல்லு! கரண்டு மட்டும் போயிட்டு வந்தாப் போரும்!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். தூதுவன் தேவையே படவில்லை.

இரண்டு நாள் கழித்து, முக்கில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர் வயரும் பெட்டியுமாக வந்தார். வயரிங் வேலையும் அவரே செய்வார். நான் அட்டைக் கணக்கைக் காட்டி விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். நேரில் சிரித்தால் திட்டலாம், தனக்குள் சிரிக்கிறவரை என்ன செய்வது?

"டீச்சர், யாருக்க மீட்டர்லேருந்து எடுக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏலே, எனக்க மீட்டர்லேருந்து எடுக்கச் சொல்லு. அது புதுசு, தாங்கும்" என்று தம்பிக்கு உத்தரவு வந்தது. புதுசாம்! அந்த மீட்டர்தானே எல்லாவற்றுக்கும் காரணம்! பல்லைக் கடித்துக்கொண்டேன். கெட்டி வயர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டி, எர்த் தனியாக. வயர் போக வேண்டிய வழி அந்த ஜன்னல்தான். அவர் தட்ட, அந்தப் பக்கம் அக்கா தாழ்ப்பாளை எடுத்தாள். கதவு திறந்தது. வளையல் போட்ட அவள் கை மட்டும் தெரிந்தது. வயர் நுழைந்த பிறகு கதவைச் சாத்த முடியவில்லை, ஒரு சாண் திறந்தே நின்றது.

கேக் சுடும் நாள் வந்தது. கிறிஸ்மசுக்கு முந்தின சனிக்கிழமை, காலை நேரம். ஆளுக்கொரு பாத்திரத்தில், வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தனித்தனியாக மாவு கலக்கினோம். நான் முந்திரியும் திராட்சையும் போட்டேன். அவள் வழக்கம் போல மட்டி வாழைப்பழம் இரண்டு பிசைந்து போட்டிருப்பாள், வாசம் ஜன்னல் வழியாக வந்தது. தம்பி வாசலுக்கு வாசல் ஓடினான். "பெரியக்கா ரெடியாம்." "இரு, நான் தட்டுல ஊத்தல." "சின்னக்கா இன்னும் ஊத்தலையாம்." "அவ என்னைக்கு நேரத்துக்கு செஞ்சா?" இதையும் அவன் வந்து அப்படியே ஒப்பித்தான், துரோகி.

கடைசியில் இரண்டு பேரும் சுவிட்சைப் போட்டோம். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு என் அடுப்பின் கம்பி பையச் சிவந்தது, அன்று அக்கா வீட்டில் புகைந்த வெறிச் சிவப்பு அல்ல, அளவான நல்ல சிவப்பு. "பெரியக்காவுக்கும் சிவந்துட்டு!" என்று அங்கிருந்து தம்பி கத்தினான். நான் கையைத் தட்டிவிட்டேன். பலகையில் ஆயிரம் தடவை எழுதின கணக்கு என் வீட்டில், என் கண்முன்னால் சூடாகிக்கொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷம் எந்தப் பரீட்சை ரிசல்ட்டும் எனக்குத் தந்ததில்லை.

அப்போது சர்ச்சிலிருந்து தம்பிக்கு ஆள் வந்தது, பெரிய ஸ்டார் கட்டக் கூப்பிடுகிறார்கள். "ரெண்டு பேரும் சமத்தா இருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுக்களைகள் அமைதியாயின. நான் மோடாவைப் போட்டு உட்கார்ந்தேன். அவளும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு 'கர்த்தாவே' என்று சொல்வது கேட்டது. கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. சவுதி வழியாகக் கேட்ட கேள்விதானே. அடக்கிக்கொண்டேன்.

என் அடுப்பின் டைமர் டிங் என்று அடித்தது. கம்பி கறுத்தது. கேக் நன்றாக எழும்பி, மேலே பொன்னிறமாக இருந்தது. துணியைப் பிடித்துத் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல்.

"ஏட்டி! ஏட்டி! என்னட்டி அணைச்சே? எனக்க கேக்கு அமுங்குதுடி!"

தட்டு கையிலிருந்து விழவில்லை என்பதே அதிசயம். மட்டிப்பழம் போட்டது ஈரம், அதற்கு இன்னும் நேரம் வேண்டும். எனக்கு முடிந்ததும் என் டைமர் நின்றது, அதோடு அவளுக்கும் நின்றது. கணக்குப் போட்ட எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

"நான் அணைக்கலக்கா! டைமர் அடிச்சுட்டு!"

"போடுட்டி திரும்ப! நடுவுல குழி விழுது!"

டைமரைத் திருகினேன். "வந்துட்டா?"

"வந்துட்டு, வந்துட்டு. இன்னும் செத்த நேரம் ஓட்டு. தொறக்காதட்டி."

"எனக்க கேக்க எடுத்துட்டேன்க்கா. வெறும் அடுப்புத்தான் ஓடுது."

"ஓடட்டும். எனக்காக ஓட்ட மாட்டியா?"

கண்ணில் தண்ணீர் வந்து, அடுப்புச் சிவப்பு கலங்கித் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் வெறும் அடுப்பு கொதித்துப்போய்த் தெர்மோஸ்டாட் டக்கென்று வெட்டியது, திரும்பவும் அந்தப் பக்கம் அலறல். "கூடத் திருப்புட்டி!" "திருப்பிட்டேன்!" "என்ன டீச்சரோ!" "உனக்க மட்டிப்பழத்தச் சொல்லு!" இப்படியே கத்திக் கத்திக் கேக்கைக் கரையேற்றினோம். என் வீட்டுக்காரரும் அத்தானும் வாசலில் வந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் முழுதாகத் திறந்தது. நடுவில் குழி விழுந்த ஒரு கேக் துண்டு இலையில் வந்தது. பின்னால் அவள் முகம். கொஞ்சம் நரைத்திருந்தாள்.

"சொல்லியிருக்கணும்ட்டி" என்றாள். "மீட்டர் வைக்கும்போ. ஒரு வார்த்த."

"சவத்த விடுக்கா. கால்வலி எப்பிடி இருக்கு?"

தம்பி சந்தோஷமாகப் பிளேன் ஏறினான். அடுப்புகள் மட்டும் நின்றபாடில்லை. அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. வாரம் ஒரு கேக், பிறகு பிஸ்கட், பிறகு சர்ச்சில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கெல்லாம் கேக். ஒவ்வொன்றுக்கும் நான் என் பக்கம் அடுப்பைப் போட வேண்டும். பரீட்சைத்தாள் திருத்த உட்கார்ந்தால், "ஏட்டி, போடு!" தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தால், "ஏட்டி, அணைஞ்சுட்டு!" வெயில்காலம் வந்ததும் என்னால் முடியவில்லை. இருநூற்றி முப்பதை நூற்றிப்பத்தாகக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி அக்காவின் அடுப்புக்குக் கொடுத்துவிட்டால், அவள் பாட்டுக்குச் சுடுவாள், நான் பாட்டுக்கு இருப்பேன். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும் வழியில் முக்கில் இறங்கி, அந்த எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன்.

"நூத்திப்பத்து வோல்ட்டு டிரான்ஸ்பார்மர் கெடைக்குமா? ரெண்டு கிலோவாட் தாங்கணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அன்று வயர் இழுக்கும்போது சிரித்த அதே சிரிப்பு.

"ஒண்ணு இருக்கு டீச்சர். இங்க யாரும் கேக்க மாட்டாவ, திருவனந்தபுரத்துலேருந்து வரவச்சது." மேல் அலமாரியைக் காட்டினார். ஒரு கனமான பெட்டி, மேலே தூசி. "உங்க அக்கா சொல்லித்தான் வரவச்சேன்."

"அக்காவா? எப்பம்?"

"அடுப்பு புகைஞ்ச மறுநாளு காலம்பறயே வந்தாவ. அமெரிக்க அடுப்புன்னு சொன்னாவ, அதுக்கு இது வேணும்னு நான்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டு வந்துட்டேன். பொறவு வந்து பெட்டியத் தொட்டுப் பாத்துட்டு, வேண்டாம்னு சொல்லிட்டாவ. தங்கச்சி ரெண்டையும் சேத்துப் போடப்போறாளாம், இது இருக்கது அவளுக்குத் தெரியாண்டாம்னு சொன்னாவ." பெட்டியின் தூசியைத் தட்டினார். "இப்பம் நீங்களே கேக்கிய. எடுத்துத் தரட்டா?"

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல கனம்.

"வேண்டாம்" என்றேன். "நான் வந்ததும் அவளுக்குத் தெரியாண்டாம்."

வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் வைக்காததுமாக ஜன்னலில் அக்கா முகம்.

"எங்கட்டி போன? பஸ்ஸு போயி எவ்வளவு நேரமாச்சு?"

"முக்குல எலக்ட்ரிக்கல் கடைக்கு."

அக்கா கையில் மாவுக் கரண்டி அப்படியே நின்றது. "என்னத்துக்கு?"

"சும்மா. ஒரு சாமானம் பாக்க."

"வாங்கிட்டியா?"

"இல்லக்கா. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் மாவைத் தட்டில் ஊற்றி, அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

"அப்பம் என்ன பாத்துட்டு நிக்க? போடு" என்றாள்.

போட்டேன்.